வத்சலாவின் கார்வை

வத்சலாவின் கதையைக் கட்டிலுக்கு அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் ஒன்றரை அறை வீட்டில் அவள் வளர்ந்தாள். அப்பா மாசிலாமணி மாயவரம் பக்கத்திலிருந்து தில்லிக்கு வந்து மத்திய அரசில் குமாஸ்தாவாக இருந்தவர். பெண்ணுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. வீணை வாங்கலாமா என்று கேட்டபோது அப்பா வீட்டை ஒருமுறை கண்ணால் அளந்தார். "வீணை உள்ள வந்தா நம்மள்ல ஒருத்தர் வெளிய படுக்கணும்" என்றார். வயலின் என்றால், கற்றுக்கொள்ளும் முதல் சில வருஷம் அது போடும் கூச்சலுக்கு மாடி வீட்டுப் பஞ்சாபிக்காரர் சும்மா இருக்க மாட்டார். கடைசியில் தரியாகஞ்சில் ஒரு கடையில் பழைய மாண்டலின் ஒன்று அகப்பட்டது. கட்டிலுக்கு அடியில் அது சரியாக நுழைந்தது. அந்தத் தகுதிக்காகத்தான் அதை வாங்கினார்கள். கலை ஒருவரிடம் பெரிய காரணத்தோடுதான் வந்து சேரும் என்று நினைப்பவர்கள் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸைப் பார்த்ததில்லை.

அது எட்டுக் கம்பி மாண்டலின். இரண்டிரண்டு கம்பியாக ஜோடி சேர்த்துக் கட்டியது. சினிமாப் பாட்டுக்கு அருமையாக இருக்கும். ஆனால் தெருக்கோடியில் வீணை சொல்லிக்கொடுத்த காமாக்ஷி டீச்சர் அதை வாங்கி ஒரே ஒருமுறை மீட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதுல கார்வை நிக்காதும்மா" என்றார். அதற்குப் பிறகு வத்சலா வாழ்நாள் முழுக்க யோசித்த விஷயம் அந்த ஒரு வார்த்தைதான்.

கார்வை என்றால், மீட்டிய ஸ்வரம் அடங்காமல் நிற்கும் நேரம். புல்லாங்குழலுக்கு மூச்சு இருக்கிறது, வயலினுக்கு வில் இருக்கிறது. வேண்டிய மட்டும் இழுத்துக்கொள்ளலாம். மாண்டலினுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. தட்டிய நொடியிலேயே ஸ்வரம் சாகத் தொடங்கிவிடும். அது சாவதற்குள் இடது கை விரல் அதை இழுத்து, வளைத்து, அடுத்த ஸ்வரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். கர்நாடக சங்கீதம் முழுக்க இந்த வளைவுகளில்தான் இருக்கிறது. கார்வை இல்லாவிட்டால் வளைக்க ஒன்றும் மிஞ்சாது. டக்கு டக்கு என்று கணக்குப் போடுகிற மாதிரி ஒலிக்கும்.

வத்சலா விடவில்லை. கல்லூரியில் படிக்கும்போது, மின்சார மாண்டலினில் ஒற்றைக் கம்பிகளைக் கட்டிக் கச்சேரி செய்கிறார்கள் என்று ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். வேலை கிடைத்ததும் சென்னையில் சொல்லி ஐந்து கம்பி மாண்டலின் ஒன்று செய்து வாங்கினாள். கனத்த மரம், ஒரு சின்ன ஒலிபெருக்கி. அதன் பிறகு அவளாகவே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். வாத்தியத்தின் கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கோடுகள்தான் மெட்டுகள். விரலை மெட்டின் மேல் வைத்தால் ஸ்வரம் மூச்சுத் திணறும். மெட்டுக்கு ஒரு மயிரிழை பின்னால் வைத்தால் நிற்கும். கம்பிகளைத் தாங்கும் அந்தச் சின்ன மரத்துண்டுக்குக் குதிரை என்று பெயர். அதன் பக்கத்தில் மீட்டினால் நாதம் கூர்மையாக வரும், கொஞ்சம் தள்ளி மீட்டினால் குழையும். காமாக்ஷி டீச்சர் உயிரோடு இருந்த கடைசி நவராத்திரியில் அவளைத் தன் வீட்டில் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வாசித்து முடித்ததும் இன்னொரு கரண்டி சுண்டல் வைத்தார். வத்சலாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

இப்போது அவளுக்கு ஐம்பத்தாறு வயது. லோதி ரோடில் ஒரு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். தணிக்கைப் பிரிவு. மற்றவர்கள் எழுதிய கோப்புகளில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் வேலை என்பதால், கீழே வேலை செய்பவர்களுக்கு அவளைக் கண்டால் கொஞ்சம் நடுக்கம். கம்ப்யூட்டர் தப்பாகக் காட்டிவிட்டது என்று யாராவது சொன்னால் போதும். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று தமிழில் சொல்லி, அதை ஹிந்தியில் விளக்கவும் செய்வாள். அலுவலகத்துக்கு எதிரேயே நடந்து போகும் தூரத்தில் குவார்ட்டர்ஸ். முதல் மாடி. ஒரே மகள் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டதால் வீட்டில் அவளும் கணவர் கலியமூர்த்தியும் மட்டும்.

கலியமூர்த்தி பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவருக்குக் காது எப்படி இருக்கும்? டிவியை அலற விடுவார். கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புவார். ஓய்வுக்குப் பிறகு சமையல்கட்டு அவருடைய ராஜ்ஜியம் ஆகிவிட்டது. துணி துவைப்பது, காயப்போடுவது, காய் வாங்குவது எல்லாம் அவர்தான். அதில் வத்சலா கொடுத்துவைத்தவள், ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவள் மாண்டலினை எடுத்துச் சுருதி சேர்க்கத் தொடங்கினால் மனுஷர் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். குளிர்காலமென்றால் பச்சைப் பட்டாணியைக் கூடையோடு தூக்கிக்கொண்டு போய் உரித்துக்கொண்டிருப்பார். கோயில் மண்டபத்தில் அவள் வாசிக்கும்போதும் உள்ளே வந்து உட்கார மாட்டார். செருப்பு விடும் இடத்தில், சுவரில் சாய்ந்து நிற்பார். முப்பது வருஷமாக இப்படித்தான்.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று தோழி சுஜாதாவிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள் வத்சலா. சிரிப்புதான். ஆனாலும் முன்வரிசையில் மற்றவர்களின் கணவர்கள் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது உள்ளே ஒரு முள் இருக்கத்தான் செய்தது.

இந்த வருஷம் நவராத்திரி நேரத்தில் வத்சலாவை ஹைதராபாத்துக்குத் தணிக்கைக்கு அனுப்பிவிட்டார்கள். போவதற்கு முன்பே மாண்டலினுக்குப் புதுக் கம்பிகள் போட்டு வைத்திருந்தாள். சரஸ்வதி பூஜை அன்று அங்கிருந்து போன் செய்து, "மாண்டலினையும் படத்துக்கு முன்னால வச்சு, ஒரு சந்தனம் குங்குமம் வச்சுடுங்க" என்றாள். "ஒரு குறையும் இருக்காது, நீ வேலையப் பாரு" என்றார் கலியமூர்த்தி. திரும்பி வந்த பிறகு அலுவலகத்தில் வேலை மலைபோல் குவிந்து கிடந்தது. தீபாவளி வரை மாண்டலின் உறையை விட்டு வெளியே வரவில்லை.

தீபாவளி அன்று சாயங்காலம் கீழே காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தபோது யாரோ ஒரு வெடியைக் காலடியில் கொளுத்திவிட்டார்கள். காதுக்குள் கிர்ரென்று ஒரு சத்தம் வெகு நேரம் ஓடியது. மறுநாள் அது போய்விட்டது. லீவு நாள்தானே என்று மாண்டலினை எடுத்தாள். வாத்தியத்தின் தலையிலும் உடம்பிலும் பூஜைச் சந்தனம் வழக்கம்போல் காய்ந்து ஒட்டியிருந்தது. சுருதி சேர்த்துவிட்டு நிதானமாக ஒரு ஸா மீட்டினாள்.

ஸா எழுந்தது, உடனே விழுந்தது.

மறுபடி மீட்டினாள். மறுபடியும் அப்படித்தான். ஸ்வரம் சரியாகத்தான் இருந்தது, சுருதியும் சுத்தம். ஆனால் நிற்கவில்லை. அந்த நாதத்தின் பளபளப்பும் போய்விட்டது. மரப்பலகையைத் தட்டுவது போல மொத்தையாக இருந்தது. கம்பியைத் தட்டும் பிளெக்ட்ரத்தை மாற்றிப் பார்த்தாள். ஒலிபெருக்கியின் வயரை மாற்றினாள். ஒலிபெருக்கியில் ரேடியோவைப் போட்டால் நன்றாகப் பாடுகிறது. கம்பியோ புத்தம் புதுசு. வேறு எதன் மேல் பழி போடுவது? வாத்தியத்தின் மேல் பழி போட அவள் வாயே வரவில்லை. ஊருக்கெல்லாம் கூடம் கோணல் பழமொழி சொன்னவள் அல்லவா? முந்தின நாள் வெடித்த வெடி சட்டென்று ஞாபகம் வந்தது.

அப்பாவுக்கும் காது போனது. மாசிலாமணி கடைசிக் காலத்தில் எதைக் கேட்டாலும் புன்னகையோடு தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். சாப்பிட்டீங்களா என்றாலும் அதே தலையாட்டல், வீடு இடிந்து விழுகிறது என்றாலும் அதே தலையாட்டல். முதலில் போவது மெல்லிய சத்தங்கள்தான் என்று அப்போது டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. ஸ்வரத்தின் வால்பகுதியைவிட மெல்லிய சத்தம் வேறு என்ன இருக்கிறது? ஸ்வரம் சாகவில்லை, தனக்குத்தான் அது கேட்காமல் போகிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்றிலிருந்து எல்லாமே சாட்சி சொல்லத் தொடங்கியது. மெட்ரோவில் அறிவிப்பு புரியவில்லை. அது யாருக்குமே புரிவதில்லை என்பதை மறந்துபோனாள். டைரக்டர் மீட்டிங்கில் முணுமுணுத்தது கேட்கவில்லை. அவர் பேசுவது அவருக்கே கேட்காது என்று அலுவலகம் முழுக்கத் தெரியும். ஒருநாள் குக்கர் விசில் கேட்கவில்லை என்று பதறி ஓடிப்போய்ப் பார்த்தால், அன்றைக்குக் கலியமூர்த்தி குக்கரே வைக்கவில்லை. பக்கத்தில் யாரையாவது உட்காரவைத்து, "கார்வை நிக்குதா, கேளுங்க" என்று கேட்டிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனால், "நல்லாத்தானே நிக்குது" என்று அவர்கள் சொல்லிவிட்டால்? அதற்குப் பயந்துதான் அவள் யாரையும் கேட்கவில்லை.

காது கொஞ்சம் மந்தமானால் வேலை போகாது. கோப்புக்குக் கண் போதும். வீட்டு வேலை நிற்காது. இது ஒன்றுதான் போகும். கல்யாணம், பிள்ளை, சம்பளம் எல்லாம் எல்லோருக்கும் உள்ளது. இது ஒன்றுதான் அவளுக்கே அவளுக்கென்று இருந்தது.

காலனிக் கோயிலில் மார்கழி ஞாயிறுகளில் கச்சேரி நடத்துவது சுஜாதாவின் பொறுப்பு. வருஷா வருஷம் ஒரு ஞாயிறு வத்சலாவுக்கு. இந்த முறை சுஜாதா போன் செய்தபோது, "என்னை விட்டுடு சுஜாதா. இனிமே வேற யாரையாவது போடு" என்றாள்.

"இனிமேன்னா? இந்த வருஷமா, எப்பவுமா?"

"எப்பவும்தான். ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி."

"போன வருஷமும்தான் ஜாஸ்தி. என்ன ஆச்சு உனக்கு? போஸ்டர் அச்சுக்குக் குடுக்கற வரைக்கும் டைம் இருக்கு. அதுவரைக்கும் உன் பேரு அப்படியே இருக்கும், நான் அடிக்க மாட்டேன்."

போனை வைத்தபோது கலியமூர்த்தி சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். கேட்டிருப்பாரா என்று அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "சாம்பார் எறக்கியாச்சு" என்றார் அவர். அவருக்கு எங்கே கேட்டிருக்கப் போகிறது என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

போஸ்டருக்கு முன் ஒரு முடிவு தெரிந்துவிடட்டும் என்று, காதும் காதும் வைத்த மாதிரி ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியில் காதுப் பிரிவுக்குச் சீட்டு எடுத்தாள். அன்று காலை அரை நாள் லீவு. வீட்டில் சாஸ்திரி பவனில் மீட்டிங் என்று சொன்னாள். "நானும் மிலிட்டரி கேன்டீன் வரைக்கும் போகணும்" என்றார் கலியமூர்த்தி. டிசம்பர் மூடுபனியில் அவள் ஆட்டோ பிடித்துப் போனாள்.

காது பரிசோதிக்கும் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சுகள். பாதிப் பேர் வயதானவர்கள், சால்வையும் குல்லாவுமாக. எல்லோரும் கொஞ்சம் சத்தமாகவே பேசிக்கொண்டிருந்தார்கள், இடம் அப்படி. வத்சலா கடைசி பெஞ்சில் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பெஞ்சு முன்னால் ஒரு பழுப்பு மங்கி கேப் தெரிந்தது. காதோரம் பச்சை நூலால் தைத்திருந்தது. அந்தப் பச்சைத் தையல் அவள் போட்டது. வீட்டில் பழுப்பு நூல் அன்றைக்கு இல்லை.

எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கலியமூர்த்தி திரும்பிப் பார்த்தார்.

"கேன்டீன் போறேன்னீங்க" என்றாள் வத்சலா.

"நீ மீட்டிங்னு சொன்ன."

"நான் அப்புறம் சொல்றேன். நீங்க எதுக்கு இங்க?"

கலியமூர்த்தி குல்லாவைக் கழற்றி மடியில் வைத்தார். "காது போச்சு வத்சலா. பீரங்கிச் சத்தத்துல எடது காது முன்னாடியே அரைகுறைதான், அது தெரிஞ்சதுதான். இப்ப வலது காதும் போவுது போலருக்கு. தீபாவளியிலேர்ந்து."

"எப்படித் தெரிஞ்சுது? டிவி கேக்கலியா?"

"டிவி கெடக்கு. அது கத்துது, கேக்குது. உன் வாசிப்புதான்." சொல்லக் கூச்சப்பட்டவர் போலக் குல்லாவின் தையலைத் தடவினார். "முன்னெல்லாம் நீ ஆரம்பத்துல ஒரு தட்டு தட்டுவல்ல, அந்த மொதல் ஸா. அது கெளம்பறப்ப நான் சமையல்கட்டுலேர்ந்து கெளம்புவேன். பால்கனிக்குப் போயி, கொடியில துண்டை உருவிட்டு வாசப்படிக்குத் திரும்பி வருவேன். அப்பவும் அது நிக்கும். இப்பப் பால்கனிக் கதவைத் தாண்டறதுக்குள்ள போயிருது. சத்தமும் கட்டையைத் தட்டற மாதிரி இருக்கு. இதப் போயி உங்கிட்ட எப்படிச் சொல்றது? இந்த ஒண்ணுதான் ஒழுங்காக் கேட்டுட்டிருந்தேன், அதுவும் போச்சேன்னு இருந்துச்சு."

வத்சலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க கேப்பீங்களா?"

"என்ன கேள்வி இது? முப்பது வருஷமா வேற என்ன பண்ணினேன்?"

"நான் எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுவீங்களே. பட்டாணியத் தூக்கிட்டு."

"பக்கத்துல இருந்தா அந்தத் தட்டற சத்தம்தான் முன்னால வருது, டிங்கு டிங்குன்னு. செவுத்துக்கு அந்தாண்ட இருந்தாத்தான் அது அடங்கி, பின்னால வர்ற நாதம் மட்டும் தனியாக் கேக்கும். கோயில்லயும் அதான். உள்ள ஒக்காந்தா எனக்கு ஒண்ணுமே புரியாது. செருப்புக்கிட்ட நின்னா அம்சமா இருக்கும்." இவ்வளவு நீளமாக அவர் பேசி வத்சலா கேட்டு வெகு காலம் ஆயிற்று. "உனக்கு இது தெரியாதா?"

தெரியாது. கோப்புகளில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிப்பவளுக்கு இது தெரியாது. கற்பூர வாசனைப் பழமொழியை எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம் என்று நினைத்தபோது அவளுக்கு முகம் சுட்டது. கண் கலங்கியது. கைப்பைக்குள் கைக்குட்டையைத் தேடியபோதுதான் அவள் மனசுக்குள் இருந்த தணிக்கைக்காரி விழித்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம்" என்றாள். "நானும் அதுக்குத்தான் வந்திருக்கேன். எனக்கும் தீபாவளிக்கு அப்புறம்தான். எனக்கும் கார்வை நிக்கல, எனக்கும் கட்டைச் சத்தம். வெடியில என் காது போயிடுச்சுன்னு நெனச்சேன். நீங்க அப்பக் கீழ இருந்தீங்களா?"

"மேல வடை சுட்டுட்டு இருந்தேன்."

"அப்ப உங்க காதும் என் காதும் ஒரே நேரத்துல, ஒரே மாதிரி, ஒரே ஸ்வரத்துக்கு மட்டும் எப்படிங்க கெடும்?"

கலியமூர்த்தி யோசித்தார். படையில் குறி தப்பினால் கண்ணைப் பழிக்கும் முன் பீரங்கியைப் பார்ப்பார்கள் போலிருக்கிறது. "அப்ப மிசினுதான் கெட்டிருக்கு" என்றார்.

போன உயிர் திரும்பி வந்தது வத்சலாவுக்கு. பெஞ்சிலேயே சிரித்துவிட்டாள். பக்கத்தில் இருந்த சர்தார்ஜி, தனக்குக் கேட்காத ஏதோ நகைச்சுவை என்று நினைத்து, தானும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார்.

வந்ததுதான் வந்தோம் என்று இரண்டு பேரும் பரிசோதனையும் செய்துகொண்டார்கள். கண்ணாடி அறைக்குள் காதில் மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். மங்கிக்கொண்டே போன சத்தத்தின் நுனிவரை வத்சலா விரட்டிக்கொண்டு போனாள். வெளியே வந்ததும் பரிசோதித்த பெண், "ஆன்ட்டி, இந்த வயசுல இவ்வளவு நல்ல காதா? நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று ஹிந்தியில் கேட்டாள். வத்சலாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கலியமூர்த்தி தன் காகிதத்தோடு வந்தார். "எடது காதைச் சர்க்காருக்குக் குடுத்தாச்சு. வலது டீக் டாக்காம், ஒரு குறையும் இல்லியாம்" என்றார்.

வீட்டுக்கு வரும்போது பனி விலகிப் பால்கனியில் வெயில் விழுந்திருந்தது. வத்சலா புடவைகூட மாற்றவில்லை. மாண்டலினை எடுத்து வந்து அங்கேயே பாயில் உட்கார்ந்தாள். பயம் போன பிறகுதான் மூளை வேலை செய்கிறது. எங்கும் விரல் வைக்காமல் கம்பியை வெறுமனே மீட்டினாள், உடனே அடங்கியது. ஒரு மெட்டில் விரலை அழுத்தி மீட்டினாள், அப்போதும் அடங்கியது. மேலே ஏறி வேறு மெட்டில் பார்த்தாள், அதே கதைதான். தலைப்பக்கம் கம்பி முடியும் இடம் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது, ஆனால் குறை மாறவில்லை. மாறாமல் இருக்கும் மறுமுனை ஒன்றே ஒன்றுதான்.

குதிரையைக் குனிந்து பார்த்தாள். ஐந்து கம்பிகளும் அதன் மேல் உள்ள சின்னப் பள்ளங்களில் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் ஒவ்வொரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அழகாகத்தான் இருந்தது. பூஜைச் சந்தனத்தைத் துடைக்கக் கூடாது, அதுவாக உதிர வேண்டும் என்பது அவள் அம்மா வீட்டு வழக்கம். அதனால் வருஷா வருஷம் வாத்தியத்தில் சந்தனத்தைப் பார்த்துப் பார்த்து, அது அவள் கண்ணிலேயே படாமல் போயிருந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

"இங்க யாரு சந்தனம் வச்சது?"

"நான்தான்" என்றார் கலியமூர்த்தி, கொஞ்சம் பெருமையாகவே. "நீ தலையில ஒண்ணு, உடம்புல ஒண்ணு வச்சுட்டு விட்டுருவ. நீ ஊர்ல இல்லியே, நம்மளால ஒரு குறை வரக் கூடாதுன்னு கடைச் சந்தனம் வேணாம்னுட்டு, கட்டைய பன்னீர் விட்டு நானே இழைச்சேன். தோள்பட்டை கழண்டுபோச்சு. சத்தம் பொறக்கற எடம் அதுதானே? அதுக்குத்தானே முதல் மரியாதை? மேல வச்சா உதிந்துருமேன்னு கரண்டிக் காம்பால ஒவ்வொரு கம்பியா லேசாத் தூக்கி, அடியில அழுத்தி வச்சேன்."

"நெத்தியில வைக்க வேண்டியதை வாயில அடைச்சிருக்கீங்க."

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. கம்பியின் அதிர்வு குதிரை வழியாகத்தான் மரத்துக்குள் இறங்கும், இரண்டும் கெட்டியாகத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் கார்வை நிற்கும், நடுவில் மெத்தை போட்ட மாதிரி எது இருந்தாலும் அதிர்வை அது குடித்துவிடும் என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் முகம் சுருங்கியது. "நான்தான் கெடுத்தேனா?" என்றார்.

"கெடுக்கல. அதிகமாக் கும்பிட்டுட்டீங்க" என்றாள் வத்சலா. கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். ஒரு மாதத் தூக்கம் போயிருந்தது, வாசிப்பதையே விட்டுவிட இருந்தாள். ஆனாலும் வரவில்லை. தோள்பட்டை கழலச் சந்தனம் இழைத்த மனுஷர் மேல் எப்படிக் கோபம் வரும்?

ஒவ்வொரு கம்பியாகத் தளர்த்தி நகர்த்தினாள். கலியமூர்த்தி பழைய டூத்பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்தார். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பால்கனி முழுக்க மணத்தது. பூஜைச் சந்தனத்தைக் கீழே சிந்தக் கூடாது என்று அவர் உள்ளங்கையை நீட்டி வாங்கிக்கொண்டு, கடைசியில் துளசித் தொட்டியில் போட்டார். அவள் பள்ளங்களை உலர்ந்த துணியால் துடைத்து, கம்பிகளை அதனதன் இடத்தில் உட்காரவைத்து முறுக்கி, உள்ளே போய் ஒலிபெருக்கியில் இணைத்துச் சுருதி சேர்த்தாள்.

கலியமூர்த்தி சமையல்கட்டு வாசலில் போய் நின்றார். யாரும் சொல்லவில்லை.

வத்சலா ஒரு ஸா மீட்டினாள். அவர் கிளம்பினார். கூடத்தைக் கடந்து, பால்கனிக் கதவைத் தாண்டி, கொடியில் கிடந்த துண்டை உருவினார். ஸ்வரம் நின்றது. திரும்பி வாசற்படிக்கு வந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காதைச் சாய்த்தார், வலது காதை. ஸ்வரம் இன்னும் மெல்லிசாக, பளபளவென்று இழைந்துகொண்டிருந்தது. அது அடங்கும்வரை இரண்டு பேரும் அசையவில்லை.

"வந்துருச்சு" என்றார் கலியமூர்த்தி.

வத்சலா உடனே சுஜாதாவுக்குப் போன் போட்டாள். "என் பேரை அடிச்சுட்டியா?"

"அடிக்க மாட்டேன்னு அன்னிக்கே சொன்னேனே. ஆபீஸ் வேலை எல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. எல்லாம் எங்க வீட்டுக்காரர் பண்ணின வேலை" என்றாள் வத்சலா.

மார்கழி ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் நல்ல கூட்டம். சுஜாதா பின்னால் தம்புராப் பெட்டியைச் சரிபார்த்தாள். முன்வரிசையில் கணவர்மார்கள் தாளத்துக்குக் கையைத் தயாராக வைத்திருந்தார்கள். வத்சலா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எல்லோருடைய தலைக்கும் மேலாகக் கதவுக்கு அப்பால் பார்த்தாள். செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து, மங்கி கேப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கலியமூர்த்தி நின்றிருந்தார். வெறும் காதோடு, அந்தக் குளிரில்.

முதல் ஸாவை எப்போதையும்விட நிதானமாக மீட்டினாள். அடுத்த ஸ்வரத்துக்குப் போக விரல் பரபரத்தது, போகவில்லை. கூட்டத்தைத் தாண்டி, கதவைத் தாண்டி, செருப்புகளைத் தாண்டி அது போய்ச் சேரட்டும் என்று காத்திருந்தாள். மிருதங்கக்காரர் நிமிர்ந்து பார்த்தார். வெளியே கலியமூர்த்தி தலையை ஒருமுறை ஆட்டினார். அதன் பிறகுதான் வத்சலா ராகத்தைத் தொடங்கினாள்.